மூட்டு நீரில் மிதக்கும் செல்கள்: ரத்தம் மட்டும் ஏன் போதாது?

உங்கள் கேள்வியைச் சுருக்கி முதலில் எழுதிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியும். உயிர்வேதியியல் முதுகலை முடித்துவிட்டு, முடக்குவாத (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ், சுருக்கமாக ஆர்.ஏ.) நோயாளிகளின் மூட்டு நீரிலிருந்து செல்களைப் பிரித்து ஆராயும் ஒரு திட்டத்தில் சேரப்போகிறீர்கள். கையில் ரத்தம் எடுப்பது எளிதாக இருக்கும்போது முட்டியில் ஊசி போட்டு நீர் எடுப்பது எதற்கு, அந்த நீரை எவ்வளவு தூரம் நம்பலாம், வேலையில் எங்கே சறுக்கும், ஃப்ரீசரில் கிடக்கும் பழைய மாதிரிகளை எடுத்துக்கொள்ளலாமா என்று நான்கு கேள்விகள்.

இந்த வேலையில் பல வருடம் இருந்திருக்கிறேன். என் அனுபவத்தில் சொல்வதானால், மூட்டுக்குள் வந்து போகிற செல்களைப் பற்றி நீர் நன்றாகச் சொல்லும். அங்கேயே குடியிருக்கிற செல்களைப் பற்றிக் குறைவாகத்தான் சொல்லும். அதையும்கூட, நீர் வெளியே வந்த முதல் ஒரு மணி நேரத்தில் நீங்கள் அதை எப்படிக் கையாண்டீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் சொல்லும்.

முதலில் அந்த நீர் என்ன என்று பார்த்துவிடுவோம். நோயில்லாத முழங்காலுக்குள் இருக்கும் நீர் 4 மில்லிக்குள் அடங்கிவிடும். வெளிர் மஞ்சள், கண்ணாடி போலத் தெளிவு, முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழப்பு. மூட்டை உள்பக்கம் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வின் செல்கள் சுரக்கும் ஹையலுரானிக் அமிலம்தான் அந்தக் கொழகொழப்புக்குக் காரணம். சிரிஞ்சின் முனையிலிருந்து ஒரு சொட்டு விட்டால் உடனே விழாது, விரல் நீளத்துக்கு நூல் போல இழுபட்டு அப்புறம்தான் அறுந்து விழும். இதில் செல்கள் மிகக் குறைவு, ஒரு கன மில்லிமீட்டருக்கு 200 வெள்ளணுக்கள்கூட இருக்காது.

முடக்குவாதம் முற்றிய முழங்காலில் நீர் கோத்துக்கொண்டால் 30, 40 மில்லி எடுப்பது சாதாரணம். டியூபைத் தூக்கி அதன் பின்னால் அச்சடித்த தாளை வைத்துப் பாருங்கள், எழுத்து தெரியாது. அவ்வளவு கலங்கல். நூல் இழுபடாது, தண்ணீர் மாதிரி சொட்டும். வெள்ளணுக்கள் பெரும்பாலும் 2,000 முதல் 50,000 வரை இருக்கும். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கன மில்லிமீட்டருக்கு 20,000 என்று வைத்துக்கொண்டால், 30 மில்லி நீரில் 60 கோடி வெள்ளணுக்கள். ஒரே ஒரு முட்டிக்குள். இந்தக் கணக்கை முதன்முதலாகப் போட்டுப் பார்த்த நாளில், மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற முடக்குவாத நோயாளிகளை நான் பார்க்கும் விதமே மாறிப்போனது.

சரி, ரத்தம் ஏன் போதாது? ரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்களில் மூட்டுக்குப் போகப்போவது எது, மண்ணீரலுக்குப் போகப்போவது எது என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். ஒரே நோயாளியிடம், ஒரே நாளில், கையிலிருந்து ரத்தமும் முட்டியிலிருந்து நீரும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். ரத்தத்தில் இன்னும் எந்தக் கிருமியையும் எதிரியையும் சந்திக்காத புதிய டி செல்கள் ஏராளம். மூட்டு நீரில் அவை கிட்டத்தட்ட இல்லை. இருப்பவை எல்லாம் ஏற்கெனவே ஏதோ ஒன்றைச் சந்தித்து நினைவில் வைத்திருக்கும் டி செல்கள். ரத்தத்தில் மற்ற செல்களுக்கு உதவும் சி.டி.4 வகை டி செல்களின் கை ஓங்கியிருக்கும். நீரில் மற்ற செல்களைக் கொல்லும் சி.டி.8 வகையின் பங்கு அதிகமாகி அந்த விகிதம் இறங்கிவிடும், பலரிடம் தலைகீழாகவே ஆகிவிடும். ரத்தத்தில் ஆயிரத்தில் ஒன்றாகத் தேட வேண்டிய செல், நீரில் கூட்டமாக இருக்கும். ஆராய்ச்சிக்கு இந்தச் செறிவுதான் முக்கியம்.

ரத்தத்தை ஒதுக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் முடக்குவாத நோயாளிகள் தாங்களே வீட்டில் விரல் நுனியில் குத்தி, சில சொட்டு ரத்தத்தை வாரா வாரம் அனுப்பினார்கள். நோய் திடீரென்று பொங்குவதற்கு முந்தைய வாரத்தில், மூட்டுச் சவ்வின் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசுவை உருவாக்கும்) செல்களை ஒத்த ஒரு வகைச் செல் அந்த ரத்தத்தில் தலைகாட்டியது என்ற ஆய்வு 2020இல் வெளிவந்தது. அப்படி வாரா வாரம் முட்டியில் ஊசி போட முடியாது. காலத்தோடு நோய் எப்படி நகர்கிறது என்று பார்க்க ரத்தம்தான் வசதி. இந்த நிமிடம் மூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க நீர்.

இப்போது நீரில் யார் யார் இருக்கிறார்கள் என்பதற்கு வருவோம். முடக்குவாத நீரில் பெரும்பான்மை நியூட்ரோபில்கள், அதாவது கிருமியைத் தாக்க முதலில் ஓடிவரும் வெள்ளணுக்கள். இதில் ஒரு விநோதம் உண்டு, திட்டத்தில் சேரும் முன் மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள்: மூட்டுச் சவ்வைத் துண்டாக எடுத்துப் பார்த்தால் அங்கே நியூட்ரோபில் மிகக் குறைவு. சவ்வில் கூடாரம் அடித்திருப்பவை டி செல்கள், பி செல்கள், ஆன்டிபாடி சுரக்கும் பிளாஸ்மா செல்கள், கிருமியையும் கழிவையும் விழுங்கும் மேக்ரோபேஜ்கள், ஃபைப்ரோபிளாஸ்ட்கள். நியூட்ரோபில்கள் சவ்வில் தங்காமல் அதைத் தாண்டி நீருக்குள் கொட்டிவிடுகின்றன. அதனால் நீரை மட்டும் பார்த்தவர் இது நியூட்ரோபில் நோய் என்பார், சவ்வை மட்டும் பார்த்தவர் டி செல் நோய் என்பார். இரண்டு பேரும் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள்.

நியூட்ரோபில் ரத்தத்தில் சில மணி நேரமே ஓடும் செல். மூட்டுக்குள் வந்ததும் அதன் சாவு தள்ளிப்போகிறது. ஆக்சிஜன் குறைவு, ஜி.எம்-சி.எஸ்.எஃப் மாதிரியான சமிக்ஞைப் புரதங்கள், இரண்டும் சேர்ந்து அதை உயிரோடு இழுத்துப் பிடிக்கின்றன. அந்தக் கூடுதல் நேரத்தில் அது சும்மா இருப்பதில்லை. 1965இல் அமெரிக்காவில் ஹாலண்டரும் சகாக்களும் முடக்குவாத நீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, வயிற்றுக்குள் கறுத்த மணிமணியாக எதையோ அடைத்துக்கொண்டிருக்கும் நியூட்ரோபில்களைக் கண்டு அதற்கு ஆர்.ஏ. செல் என்று பெயர் வைத்தார்கள். திராட்சைக் கொத்து போலத் தெரிவதால் ராகோசைட் என்ற பெயரும் உண்டு. அந்த மணிகளில் ஆன்டிபாடியும், ஆன்டிபாடியையே பிடிக்கும் ருமட்டாய்டு ஃபேக்டர் என்ற இன்னொரு ஆன்டிபாடியும் பின்னிக்கொண்ட கட்டிகள் இருந்தன. மூட்டுக்குள் தன் உடலின் புரதத்தையே எதிரியாக எண்ணி ஒரு போர் நடப்பதை ஒரு சாதாரண ஸ்லைடில் கண்ணால் பார்த்த தருணம் அது. பின்னாளில் கிருமித் தொற்றிலும் வேறு சில மூட்டு நோய்களிலும் ராகோசைட் தென்பட்டது. ஆகவே அதை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. ஆனாலும் ஒரு சொட்டு புது நீரை ஸ்லைடில் வைத்து அதை ஒருமுறை நீங்களே பார்த்துவிட வேண்டும்.

அதற்கு அடுத்த பெரிய திருப்பம் 2004இல் வந்தது. பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில், நியூட்ரோபில் தன் டி.என்.ஏ.வையே வலை போல வெளியே வீசிக் கிருமியைப் பிடிப்பதைக் கண்டார்கள். கிருமியே இல்லாத முடக்குவாத மூட்டிலும் இந்த வலை வீச்சு நடக்கிறது. வலையோடு சேர்ந்து பேட் என்னும் என்சைம்களும் வெளியே கொட்டுகின்றன. இவை புரதங்களில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை சிட்ருலினாக மாற்றிவிடும். உடல் தன்னுடையது என்று இத்தனை காலம் அடையாளம் வைத்திருந்த புரதம், இந்தச் சின்ன மாற்றத்தால் அந்நியமாகத் தெரிய ஆரம்பிக்கிறது. முடக்குவாதத்துக்கு லேபுக்கு எழுதித் தருகிற ஆன்டி-சி.சி.பி. ரத்தப் பரிசோதனை இந்தச் சிட்ருலினுக்கு எதிரான ஆன்டிபாடியைத்தான் தேடுகிறது. அந்த ஆன்டிபாடி எதைத் தாக்குகிறதோ அந்தச் சரக்கு உற்பத்தியாகும் ஒரு முக்கியமான இடம் மூட்டு நீர். நீரின் நியூட்ரோபில்களைக் கழிவு என்று வடித்துவிட்டு டி செல்களை மட்டும் வைத்துக்கொள்ளும் பழக்கம் பல லேபில் உண்டு. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கும்.

டி செல் பக்கம் சொல்ல வேண்டிய கதை 2017இல் பாஸ்டனிலிருந்து வந்தது. தீபக் ராவ், மைக்கேல் பிரென்னர் குழு மூட்டுச் சவ்வையும் மூட்டு நீரையும், ஒவ்வொரு செல்லிலும் பல புரதங்களை ஒரே நேரத்தில் அளக்கும் மாஸ் சைட்டோமெட்ரியில் அலசியது. பி செல்லுக்கு ஆன்டிபாடி செய்யக் கற்றுக்கொடுக்கும் உதவி டி செல்கள் நிணநீர்க் கணுவுக்குள்தான் வேலை செய்யும் என்பது பாடப்புத்தகம். அவற்றைக் கணுவுக்குள் இழுக்கும் சி.எக்ஸ்.சி.ஆர்.5 என்ற வாங்கி அவற்றின் மேல் இருக்கும். இவர்கள் கண்ட செல்லில் அந்த வாங்கியே இல்லை. பி.டி-1 என்ற இன்னொரு வாங்கி மட்டும் ஏராளமாக இருந்தது. ஆனால் பி செல்லுக்கு உதவும் வேலையைக் கச்சிதமாகச் செய்தது, அதுவும் வீக்கம் கண்ட மூட்டுக்குள்ளேயே. புற உதவி டி செல் என்று பெயரிட்டார்கள். ருமட்டாய்டு ஃபேக்டரோ ஆன்டி-சி.சி.பி.யோ பாசிட்டிவாக உள்ள நோயாளிகளின் மூட்டில் இவை நிறைய. அவை நெகட்டிவாக உள்ள மூட்டு அழற்சிகளில் அப்படி இல்லை. ஆன்டிபாடி ரத்தத்தில் ஓடினாலும் அதைச் செய்யச் சொல்லும் குரல் மூட்டுக்குள்ளேயும் ஒலிக்கிறது என்பதற்கு இது நேரடிச் சான்று. ரத்தத்தில் மட்டும் தேடியிருந்தால் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

நம்பகத்துக்கு வருகிறேன். மூட்டை அரிக்கும் வேலையில் பெரும்பங்கு சவ்வின் ஃபைப்ரோபிளாஸ்ட்களுக்கும் எலும்பைத் தின்னும் ஆஸ்டியோகிளாஸ்ட்களுக்கும் உண்டு. இவை ஒட்டிக்கொண்டு வாழும் செல்கள். நீரில் ஃபைப்ரோபிளாஸ்ட் கொஞ்சம் உதிர்ந்து மிதக்கும், அவ்வளவுதான். மேக்ரோபேஜும் அப்படியே. சவ்வில் நிரந்தரமாகக் குடியிருந்து வீக்கத்தை அடக்கிவைக்கும் ஒரு வகை உண்டு. மெர்.டி.கே. என்ற அடையாளம் உள்ள அந்த மேக்ரோபேஜ்கள் குறைவாக இருப்பவர்களுக்கு, நோய் அடங்கி மருந்தை நிறுத்தினால் மறுபடி பொங்கும் அபாயம் அதிகம் என்று 2020இல் ரோம், கிளாஸ்கோ குழுக்கள் காட்டின. அதற்குச் சவ்வைத்தான் எடுத்தார்கள். நோய் அடங்கியவரிடம் எடுக்க நீரே இருக்காது.

முடக்குவாத சிகிச்சையின் திசையையே மாற்றிய சோதனையும் சவ்வின் செல்களில் நடந்ததுதான். லண்டனில் ஃபெல்ட்மன், மைனி, பிரென்னன் ஆகியோர் நோயாளிகளின் மூட்டுச் சவ்வைப் பிரித்துச் செல்களாக வளர்த்தார்கள். டஜன் கணக்கில் அழற்சிப் புரதங்கள் சுரந்துகொண்டிருந்தன. அதில் டி.என்.எஃப். என்ற ஒன்றை மட்டும் ஆன்டிபாடியால் தடுத்தபோது ஐ.எல்-1 என்ற இன்னொரு அழற்சிப் புரதமும் குறைந்தது. ஒரு சங்கிலியின் மேல் கண்ணி அகப்பட்டுவிட்டது. அந்த ஆய்வு 1989இல் வந்தது. 1992இல் அதே லண்டனில் 20 நோயாளிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். இன்று நம் ஊர் மருத்துவமனைகளிலும் போடப்படும் டி.என்.எஃப். தடுப்பு ஊசிகளின் தொடக்கம் அது. இயல்பான சூழலில் இருந்து பிரித்த செல்லுக்கும் இவ்வளவு சொல்லத் தெரியும் என்பதால்தான் உங்கள் திட்டத்தின் மேல் எனக்கு ஆர்வம்.

சவ்வை வைத்து மருந்தைத் தேர்வு செய்யலாமா என்றும் பார்த்திருக்கிறார்கள். டி.என்.எஃப். தடுப்பு மருந்து கேட்காத 164 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2021இல் வந்தது. சவ்வில் பி செல் குறைவாக உள்ளவர்களுக்கு, பி செல்லை அழிக்கும் ரிடுக்சிமேபைவிட, வேறு வழியில் வேலை செய்யும் டோசிலிசுமேப் நன்றாகக் கேட்குமா என்பது கேள்வி. மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்த்துப் பிரித்தபோது வித்தியாசம் உறுதியாகவில்லை. ஆர்.என்.ஏ. வரிசையை வைத்துப் பிரித்தபோது மருந்து கேட்டவர்கள் ரிடுக்சிமேபில் 36 சதவீதம், டோசிலிசுமேபில் 63 சதவீதம் என்று தெளிவாகப் பிரிந்தது. பார்க்கும் கருவி மாறினால் பதில் மாறுகிறது. நீரில் இதே அளவு வேலை இன்னும் நடக்கவில்லை என்பது என் வருத்தம். சவ்வு எடுக்க அல்ட்ராசவுண்டு பார்த்து ஊசியால் கிள்ளுகிற பயிற்சி வேண்டும். நீரோ, வலி குறைய எப்படியும் எடுக்கிறார்கள், பாதி சிங்க்கில் போகிறது.

இன்னும் இரண்டு விஷயம் நீரின் சாட்சியைக் கோணலாக்கும். ஒன்று, முடக்குவாதம் விரல் கணுக்களையும் மணிக்கட்டையும் பிடிக்கிற நோய், அங்கே எடுக்கக்கூடிய நீர் சொட்டு அளவு. நாம் படிப்பதெல்லாம் முட்டி வீங்கியவர்களை. இரண்டு, ஒப்பிட ஆரோக்கியமானவரின் நீர் கிடைக்காது. நாலு மில்லிக்காக யார் முட்டியிலும் ஊசி ஏற்றக்கூடாது. தேய்மான வாதக்காரர்களின் நீரை ஒப்பீடாக வைப்போம். அதுவும் நோய்தான். முடிவு எழுதும்போது நார்மல் என்ற சொல் அங்கே தவறிக்கூட வந்துவிடக்கூடாது.

அடுத்தது சறுக்கல்கள். இதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன், என் முதல் வருடம் முழுக்க இதிலேதான் போனது.

முதல் மாதிரி வந்த அன்று வெள்ளணு எண்ணுவதற்கு, ரத்தத்துக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் கரைசலையே எடுத்தேன். அதில் அசெடிக் அமிலம் இருக்கிறது, சிவப்பணுவை உடைப்பதற்காக. மூட்டு நீரில் அது பட்டவுடன் ஹையலுரானிக் அமிலமும் புரதமும் சேர்ந்து தயிர் மாதிரி திரிந்து, செல்களையெல்லாம் உள்ளே சுருட்டிக்கொண்டது. எண்ணும் கண்ணாடியில் பார்த்தால் வெறும் கட்டிகள். அந்தக் காலத்து மியூசின் திரள் சோதனை என்பதே இதுதான், வேண்டுமென்றே அசெடிக் அமிலம் விட்டுக் கட்டியின் தரத்தைப் பார்ப்பார்கள். எண்ணுவதற்குச் சலைன் மட்டுமே. 40 மில்லி நீர் கொடுத்தவர் வலியோடு படுத்திருந்த நேரத்தில் நான் ஒரு பகுதியை வீணாக்கினேன் என்பதை இன்னும் மறக்கவில்லை.

நீர் கொழகொழவென்று இருந்தால் செல்கள் அடியில் இறங்காது. செல்களை அடுக்கடுக்காகப் பிரிக்கும் ஃபைகால் கரைசல் மேல் ஊற்றிச் சுற்றினால் நடு வளையம் கலங்கி, எது எந்த அடுக்கு என்றே தெரியாது. ஹையலுரானிடேஸ் என்சைம் சேர்த்து 37 டிகிரியில் 15 முதல் 30 நிமிடம் வைத்து, நீர் இளகிய பிறகு சலைனில் கலந்து சுற்றுங்கள். என்சைம் சேர்த்த பகுதியையும் சேர்க்காத பகுதியையும் ஒருமுறை, சாயம் போட்ட செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டி, நீங்கள் தேடும் மேற்பரப்புப் புரதம் என்சைமால் குறைந்துவிடவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

நோயில்லாத மூட்டு நீர் உறையாது. அழற்சி நீரில் ஃபைப்ரினோஜன் கசிந்திருக்கும், வெறும் டியூபில் வைத்தால் கட்டியாகும், லட்சக்கணக்கான செல்கள் அந்தக் கட்டியோடு போகும். உறைதல் தடுக்கும் டியூப் கட்டாயம். எதில் எடுப்பது என்று மருத்துவரோடு முன்பே பேசுங்கள், ஏனென்றால் அதே நீரில் கவுட் படிகமும் கிருமியும் பார்க்க வேண்டியிருக்கும், உறைதலைத் தடுக்கச் சேர்க்கும் சில ஹெப்பாரின் உப்புகள் படிகம் போலவே மின்னிக் குழப்பும். முதல் பங்கு எப்போதும் கிருமிப் பரிசோதனைக்கும் படிகத்துக்கும். மீதிதான் நமக்கு. முடக்குவாதம் உள்ள மூட்டில் சீழ் பிடித்தால் அதைத் தவறவிடுவது எளிது, தவறவிட்டால் மூட்டே போகும். ஆராய்ச்சிக்காக அந்த வரிசையை யாரும் மாற்றக்கூடாது.

ருமட்டாய்டு ஃபேக்டர் தனித் தொல்லை. ஆன்டிபாடியை வைத்துப் புரதத்தை அளக்கும் எலைசா சோதனையில் அடியில் ஒட்டிய ஆன்டிபாடியையும் மேலே வரும் ஆன்டிபாடியையும் அதுவே பாலம் போட்டு இணைத்துவிடும். நீங்கள் தேடும் சைட்டோகைன் (சமிக்ஞைப் புரதம்) நீரில் இல்லாமலேயே கிண்ணம் நிறம் மாறும். அழகான கிராஃப் வரும், அத்தனையும் பொய். அதைத் தடுக்கும் கரைசல் சேர்த்தும் சேர்க்காமலும் சில மாதிரிகளை ஓட்டிப் பாருங்கள். ஃப்ளோ சைட்டோமீட்டரிலும், ஆன்டிபாடியின் வாலைப் பிடிக்கும் எஃப்.சி. வாங்கிகளை அடைத்துவிட்டுத்தான் சாயம் போட வேண்டும்.

நேரம்தான் எல்லாவற்றையும்விடப் பெரியது. மூட்டுக்குள் ஆக்சிஜனும் குளுக்கோஸும் குறைவு, லாக்டேட் அதிகம். டியூபுக்கு வந்ததும் செல் வேறு உலகத்துக்கு வந்துவிட்டது. அதன் ஜீன் வெளிப்பாடு நிமிடங்களில் மாற ஆரம்பிக்கும். எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஊசி போடும் அறைக்கு வெளியே ஐஸ் பெட்டியோடு நீங்களே காத்திருப்பது. டியூபின் மேல் எடுத்த மணி, நிமிடம், எந்த முட்டி, கடைசியாக ஸ்டீராய்டு ஊசி எப்போது, முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட் வாரம் எத்தனை மில்லிகிராம் என்று எழுதுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கணக்குப் பார்க்கும்போது இரண்டு நோயாளிகளுக்கு இடையே நீங்கள் கண்ட வித்தியாசம் நோயினுடையதா, மூன்று வாரத்துக்கு முன் போட்ட ஸ்டீராய்டினுடையதா என்பதை அந்தக் கையெழுத்துதான் சொல்லும். அதே நாளில் ரத்தமும் ஒரு டியூப் வாங்கிவிடுங்கள். நோயாளியிடம் தமிழில் உட்கார்ந்து விளக்கிக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் மூட்டிலிருந்து எப்படியும் எடுக்கிற நீரில் மிச்சத்தைக் கேட்கிறோம், கூடுதலாகக் குத்தமாட்டோம் என்று சொன்னால் பெரும்பாலானோர் மனதாரத் தருவார்கள்.

கடைசிக் கேள்வி, ஃப்ரீசரில் உள்ள பழைய மாதிரிகள். எப்படி வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. செல்களைப் பிரித்து, உறையும்போது செல்லைக் காக்கும் டி.எம்.எஸ்.ஓ. சேர்த்து மெதுவாக உறைய வைத்துத் திரவ நைட்ரஜனில் போட்டிருந்தால் டி செல், பி செல், மோனோசைட் ஓரளவு நன்றாகவே உயிர் பெறும். உருக்கிய பிறகு எத்தனை சதவீதம் உயிரோடு இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நியூட்ரோபில் உறைநிலையைத் தாங்காது, அதற்குப் புது நீர்தான் வேண்டும். செல்லை நீக்கி, தெளிந்த நீரை மட்டும் தனியாக உறைய வைத்திருந்தால் சி.எக்ஸ்.சி.எல்.13 மாதிரியான புரதங்களை அளக்கலாம். சுற்றிப் பிரிக்காமல் முழு நீரையும் அப்படியே உறைய வைத்த டியூபுகளாக இருந்தால் செல்லெல்லாம் உடைந்து உள்ளிருந்தது வெளியே கலந்திருக்கும். நியூட்ரோபில் வலையை அளக்க அதை எடுக்கவே எடுக்காதீர்கள், ஃப்ரீசர் செய்த உடைப்பை நோய் செய்தது என்று எழுதிவிடுவீர்கள். அந்த டியூபுகளின் லேபிளில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், எவற்றை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சேர்ந்து பிரித்துவிடலாம்.